உரலில் கரைந்த பொழுது: கொல்லிமலைச் சாமையின் வரலாறு

சமைக்க நேரமில்லை, ஆகையால் நல்ல உணவும் இல்லை என்னும் கூற்றை நகர வாழ்க்கையின் புலம்பலாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆனால் நேரம் உணவைத் தீர்மானிப்பது நகரத்தில் தொடங்கிய கதையன்று. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டிய கொல்லிமலையில், ஒரு தலைமுறைக் காலத்துக்குள் சாமையும் தினையும் தட்டிலிருந்து விலகியதற்கான காரணத்தைத் தேடிச் சென்றால், அங்கேயும் நேரமே நிற்கிறது. அடுப்படியில் செலவான நேரமன்று அது. உரலடியில் செலவான நேரம்.

கொல்லிமலை நமக்கு முதலில் அறிமுகமாவது வல்வில் ஓரியின் மலையாக. அவனுடைய கொடையைப் பாடிய வன்பரணர், மான் இறைச்சியும் மதுவும் மலையில் பிறந்த பொன்னும் பாணர் கூட்டத்துக்குக் கிடைத்த செய்தியைப் புறநானூற்றில் பதிந்திருக்கிறார். கொடுத்தவன் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. அதே காலத்து மலைநிலப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பெண் இடையறாது வருகிறாள். காத்த தினையைக் குற்றியவளும் அவளே. உலக்கை ஏறி இறங்கும் தாளத்தில் பிறந்த வள்ளைப்பாட்டு ஓர் இலக்கிய வகையாகவே வளர்ந்து, கலித்தொகையின் குறிஞ்சிக்கலியிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெற்றது. ஒரு வேலைக்கென்று தனியே பாட்டு உருவாகிறது என்றால், அந்த வேலை எத்தனை நெடியதாக இருந்திருக்க வேண்டும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

இன்று கொல்லிமலையில் வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயரைக் கண்டு கேரளத்தோடு இணைத்துவிடக் கூடாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது இவர்களுடைய வாய்மொழி மரபு. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றைச் சரிவு நிலங்களில் மழையை மட்டும் நம்பி விளைவித்தனர். சாமையில் மட்டும் வெள்ளைப் பெருஞ்சாமை, திருகுலசாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பல வகைகளைப் பேணினர். விளைந்ததைத் தொம்பையில் சேமித்தனர்.

இவ்விடத்தில் தானியத்தின் இயல்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். சாமை அரிசி அடுப்பில் ஏறினால் கால் மணி நேரத்துக்குள் வெந்துவிடும். ஆனால் சாமை, சாமை அரிசியாக ஆவதற்குள்தான் பொழுது போய்விடுகிறது. தினை, வரகு, பனிவரகு போலச் சாமைக்கும் மணியைவிட்டு எளிதில் பிரியாத கெட்டியான உமி உண்டு. காயவைத்து, உரலில் இட்டுக் குற்றி, புடைத்து, உமி நீங்காதவற்றைப் பிரித்து, மீண்டும் குற்ற வேண்டும். மணியோ மிகச் சிறியது. ஓங்கிக் குற்றினால் நொய்யாகிவிடும், மெல்லக் குற்றினால் உமி போகாது. வயலிலும் காட்டிலும் வேலை முடித்து வந்த பெண்ணின் தோள்மீதுதான் இந்தக் கடைசிச் சுமையும் விழுந்தது.

கேழ்வரகின் கதை வேறு. அதற்கு உமி நீக்கும் வேலை இல்லை. துடைத்துத் திரித்தால் மாவு. தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் மற்றச் சிறுதானியங்களைவிடக் கேழ்வரகு நெடுநாள் தாக்குப்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நாம் கருதுகிறோம். அதிலும் கூழ் என்பது நேரமில்லாதவர் கண்டுபிடித்த உணவு. மாவை முதல் நாள் கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்து ஒருமுறை காய்ச்சிவிட்டால், மறுநாளும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடிக்கலாம். தொட்டுக்கொள்ள வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது சுமார் 10 மில்லிகிராம்தான். வறுமையின் அடையாளமென்று நாம் ஒதுக்கிய கூழ், விரைவும் சத்தும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதற்கான பழைய சான்று.

மாற்றம் இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று மரவள்ளி. 1943-இல், போர்க்காலத்தில் கிழக்காசிய இறக்குமதி நின்ற சூழலில், சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தோன்றியது. பிறகு ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் என்று விரிந்த ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மலைச் சரிவுகளிலும் மரவள்ளி ஏறியது. நட்டால் பணம், குற்ற வேண்டியதில்லை. மற்றொன்று நியாய விலைக்கடை. 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தது. தீட்டி, சலித்து, உலையில் இடத் தயாராக வந்த அரிசி அது. மலைமக்கள் அறியாமையால் நல்ல உணவைக் கைவிட்டனர் என்று பேசுவோர் உண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. உரலுக்கும் ரேஷன் அரிசிக்கும் இடையே ஒரு பெண் போட்ட கணக்கு அது. அந்தக் கணக்கில் பிழையில்லை. பசியைத் தீர்த்த அரிசியைக் குறைத்துப் பேசுவதற்கும் நமக்கு உரிமையில்லை.

இந்தச் சிக்கல் சமவெளியில் முன்பே விவாதிக்கப்பட்டது. அரிசி ஆலைகள் பரவி, தீட்டிய அரிசியால் சத்துக் குறைவு நேர்வதைக் குன்னூர் ஆய்வகத்தில் மெக்காரிசனும், 1935 முதல் அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டும் ஆராய்ந்தனர். 1934-இல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில்கள் சங்கம் கைக்குத்தல் அரிசியைத் தன் திட்டங்களுள் ஒன்றாக முன்வைத்தது; அதன் செயலாளராக இருந்து அதற்காக வாதாடியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. சத்து காக்கப்படும், கிராமத்தில் வேலை பெருகும் என்ற வாதங்கள் வலுவானவை. ஆனால் கூலிக்குக் குற்றுவது வேறு, வீட்டுக்குக் குற்றுவது வேறு. பின்னதற்குக் கூலியில்லை, ஓய்வுமில்லை. அந்த உழைப்பை விவாதம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

உலகின் மறுகோடியில் மெக்சிகோவிலும் இதுவே நடந்தது. ஊறவைத்த மக்காச்சோளத்தை மண்டியிட்டு அம்மியில் அரைப்பதில் பெண்கள் நாள்தோறும் பல மணி நேரத்தைக் கழித்தனர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊர்தோறும் மாவு ஆலைகள் வந்தபோது, சுவை கெடும், பெண்கள் சோம்பேறிகளாவர் என்ற எதிர்ப்பு எழுந்தது. பெண்களோ ஆலையையே வேண்டினர். அங்கே தானியம் மாறவில்லை, கருவி மாறியது. கொல்லிமலையில் கருவி வரத் தாமதமானது. அதற்குள் தானியம் மாறிவிட்டது.

கருவி வந்த கதையும் உண்டு. 1988-இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலையில் பணியைத் தொடங்கியது. முதலில் விதைகளைக் காக்கும் நோக்கம்தான் முன்னின்றது; ஆனால் உண்ணப்படாத தானியத்தை விதை வங்கி மட்டும் காப்பாற்றாது என்பது விரைவில் தெளிவாயிற்று. 2000-களில் மலையூர்களில் உமி நீக்கும் எந்திரங்கள் நிறுவப்பட்டு, பெண்களின் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. சாமை அரிசி, கேழ்வரகு மால்ட், உப்புமா மிக்ஸ் போன்றவற்றைக் குழுக்கள் தயாரித்து விற்றன. மலைப்பெண்ணின் உரல் வேலையைக் குறைத்த அதே எந்திரம், நகரத்தில் சமைக்க நேரமில்லாதவருக்கும் பொட்டலமாக வந்து சேர்ந்தது.

பின்னர் அரசும் உலகமும் திரும்பிப் பார்த்தன. இந்தியா 2018-ஐயும் ஐக்கிய நாடுகள் அவை 2023-ஐயும் சிறுதானிய ஆண்டாக அறிவித்தன. 2023 மே மாதத்தில் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் நியாய விலைக்கடை வழியே கேழ்வரகு தரும் முயற்சி தொடங்கியது. ஆனால் எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். ஆலை உமியோடு தவிட்டையும் நீக்கிவிட்டால், அரிசியில் இழந்ததையே சாமையிலும் இழப்போம். தவிடு நீங்காத சாமை பழுப்பு நிறமாக இருக்கும், விரைவில் சிக்கு வாடை அடிக்கும். வெள்ளையாக, மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டுமென்று நாம் கேட்டால் கடைக்காரர் தீட்டித்தான் தருவார். சமைக்க விருப்பமோ நேரமோ இல்லாதவர் செய்யக்கூடியது, தீட்டாத சாமையைச் சிறிது சிறிதாக வாங்கி உடனே தீர்ப்பதும், ஒருநாள் காய்ச்சிய கூழை மறுநாளும் குடிப்பதும்தான்.

வள்ளைப்பாட்டு ஓய்ந்துவிட்டதே என்று இலக்கிய வாசகராகிய நமக்கு ஒரு வருத்தம் இருக்கலாம். பாடியவளுக்கு அந்த வருத்தம் இருந்திருக்காது. சாமை மிஞ்ச வேண்டுமென்றால் அவள் மீண்டும் உலக்கையை எடுக்க வேண்டும் என்பதில்லை. ஊருக்குள் ஓர் எந்திரமும், அதை ஓட்ட மின்சாரமும், விளைச்சலுக்கு மரவள்ளிக்கு நிகரான விலையும் வேண்டும். பாட்டை ஏட்டில் காத்துக்கொள்ளலாம். தானியத்தை நிலத்திலும் தட்டிலும்தான் காக்க முடியும்.