அங்கணத்தின் உயரம்

‘சிங்க்’ வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் அதற்கு ஒரு சொல் இருந்தது: அங்கணம். தென்மாவட்டங்களில் வயதான பெண்கள் இன்றும் பாத்திரம் கழுவும் இடத்தை அங்கணம், அங்கணக்குழி என்றுதான் சொல்கிறார்கள். திருக்குறளின் 720ஆம் குறளிலும் இந்தச் சொல் வருகிறது. தகுதியில்லாத அவையில் பேசுவது அங்கணத்தில் கொட்டிய அமிழ்தம் போல வீண் என்பது அதன் கருத்து. தூய்மையில்லாத முற்றம் என்று பரிமேலழகர் உரை சொல்கிறார். வகுப்பில் இந்தக் குறளை நடத்தும்போது அவையைப் பற்றிப் பேசுகிறோம், அமிழ்தத்தைப் பற்றிப் பேசுகிறோம். அந்த அங்கணத்தைக் கழுவிவிட்டவள் யார் என்று நம் உரை மரபு கேட்டதில்லை. நாம் கேட்டுப் பார்ப்போம்.

என் பாட்டி வீட்டு அங்கணம், அடுக்களை மூலையில் கல் பாவிய ஒரு பள்ளம். சுவரின் அடியில் ஒரு துளை. தண்ணீர் அதன் வழியே கொல்லை வாழைக்குப் போகும். அரிசி களைந்த நீரும் காய்த்தோலும் கழுநீர்ப்பானைக்குப் போகும், அங்கிருந்து மாட்டுக்கு. அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் பாத்திரம் தேய்க்க. மிஞ்சியது எருக்குழிக்கு. ‘குப்பை’ என்றால் அந்த ஊரில் வயலுக்கு அடிக்கும் உரம். எதுவும் வீணாகாத அந்த ஏற்பாட்டை இன்று சுற்றுச்சூழல் கூட்டங்களில் எல்லோரும் புகழ்கிறார்கள். அந்த ஏற்பாடு தானாக நடக்கவில்லை. குடம் குடமாகத் தண்ணீர் இறைத்ததும், குத்துக்காலிட்டு உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்ததும், கழுநீர்ப்பானையைத் தூக்கிப் போனதும் பெண்களே. அதற்கான விலையைக் கொடுத்தவை அவர்களின் முழங்கால்கள்.

அந்தப் பெண்களும் எல்லோரும் ஒன்றல்லர். வசதியான ஆதிக்கசாதி வீடுகளில் பாத்திரம் கழுவுகிறவர் பின்வாசல் வழியே வந்து கொல்லையோடு திரும்பிப் போவார். அவர் கழுவிக் கவிழ்த்ததன் மேல் வீட்டுப் பெண் மறுபடி தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பாள். சோற்றுப் பற்று ஒட்டிய பாத்திரம் ‘பத்துப் பாத்திரம்’ ஆனது. ஒட்டியிருந்தது சோறு மட்டுமில்லை, தீட்டும்தான். நம் சமையலறையின் வரலாற்றைச் சாதியை விட்டுவிட்டு எழுத முடியாது.

உட்கார்ந்து கழுவியவளை நிமிர்த்தி நிற்க வைத்த வரலாறு வேறு நாடுகளில் எழுதப்பட்டது. 1869இல் அமெரிக்காவில் கேத்தரின் பீச்சரும் அவர் தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் குடும்ப நிர்வாகம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ எழுதிய அதே ஹேரியட்தான். கப்பலில் சமையல்காரர் நிற்கும் சிறிய அறையை மாதிரியாகக் கொண்டு அவர்கள் வரைந்த சமையலறையில், சிங்க் பக்கத்திலேயே கிணற்று நீருக்கு ஒரு பம்பும் மழைநீருக்கு ஒரு பம்பும் இருந்தன. 1912இல் கிறிஸ்டின் ஃபிரடெரிக், தொழிற்சாலைகளில் டெய்லர் புகுத்திய கால அளவீட்டு முறையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பாத்திரம் கழுவுவதில் மட்டும் 80 வீண் அசைவுகளைத் தன்னிடமே கண்டதாக எழுதினார். சிங்க் தாழ்ந்திருந்தால் முதுகு போய்விடும் என்று அவரும் எச்சரித்தார்.

1926இல் வியன்னாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி ‘ஃபிராங்ஃபர்ட் சமையலறை’யை வடிவமைத்தார். 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். தொழிலாளர் குடியிருப்புகளில் சுமார் 10,000 வீடுகளில் அது அமைந்தது. நறுக்கும் மேசையிலிருந்தே கழிவைத் தள்ளிவிட ஓர் இழுப்பறைகூட அதில் உண்டு. அதை வரையும்வரை தான் சமையலில் ஈடுபட்டதே இல்லை என்று பின்னாளில் அவர் சொன்னார். நாஜிகளை எதிர்த்து 1941 முதல் 1945 வரை சிறையிலிருந்த போராளி அவர். பெண்ணின் நேரத்தை மிச்சப்படுத்துவது அரசியல் என்று நம்பியவர். ஆனாலும் அந்த அறை ஒருவர் மட்டும் நிற்கும் அளவுக்கே இருந்தது. அந்த ஒருவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1927இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹேம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் சிங்க் அடியில் பொருத்தும் கழிவு அரைப்பானை உருவாக்கினார். 1935இல் காப்புரிமை கிடைத்தது. 1938இல் நிறுவனம் தொடங்கினார். பலரும் நினைப்பதுபோல அதற்குள் மிக்ஸி மாதிரி கத்தி கிடையாது. சுழலும் தட்டு கழிவை வீசியடிக்க, சுற்றிலும் உள்ள பல் வளையத்தில் அது உரசி அரைபட்டு, ஓடும் தண்ணீரோடு சாக்கடைக்குப் போகிறது. சாக்கடை தாங்காது என்ற அச்சத்தில் நியூயார்க் நகரம் பெரும்பகுதியில் இதைத் தடை செய்திருந்தது. 1997இல்தான் அந்தத் தடை நீங்கியது.

ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியிட்ட ஆய்வு இவற்றையெல்லாம் புரிந்துகொள்ள உதவுகிறது. வீட்டு இயந்திரங்கள் பெரும்பாலும் ஆண்களும் குழந்தைகளும் வேலையாட்களும் செய்துவந்த வேலைகளைக் குறைத்தன, தாயின் வேலை அப்படியே நின்றது அல்லது கூடியது என்கிறார். இந்தியாவில் 2019இல் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே 26 விழுக்காடுதான். சாம்பல் போய் சபீனா வந்து, அதுவும் போய் திரவ சோப்பு வந்த பிறகான கணக்கு இது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்ககச் சமையலறையைப் புதுப்பித்தோம். கடையில் 24க்கு 18 அங்குல எஃகு சிங்க்கைக் காட்டியவர், அடியில் அரைப்பானும் வைக்கச் சொன்னார். “எல்லாத்தையும் உள்ள தள்ளிடலாம் மேடம், அப்படியே காணாமப் போயிடும்.” வாழைப்பூ மடல், முருங்கைச் சக்கை, மாங்கொட்டை என்று நான் பட்டியல் போட்டதும், “நார் மட்டும் போடாதீங்க” என்றார். நாரில்லாத தமிழ்ச் சமையலறை எது? மேலும், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு சென்னையே லாரிக்குக் குடத்தோடு நின்றது. குழாய் ஓடினால்தான் ஓடும் இயந்திரம் அந்த ஊருக்கு எப்படிப் பொருந்தும்?

நான் வேண்டாமென்றதற்குக் காரணம் இன்னொன்று. காணாமல் போவது என்று எதுவும் இல்லை. அரைபட்டது குழாயில் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து படியும், எங்கோ அடைக்கும். சாக்கடைக்குள்ளும் மலக்குழிக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. ஆனாலும் சாவுகள் நிற்கவில்லை. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்த வேண்டியிருந்தது. இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் உள்ளிட்ட தலித் ஆண்கள். அந்த இழப்பீட்டுக்காக அலுவலகப் படியேறுகிறவர்கள் அவர்களின் மனைவிகள். என் கையைச் சுத்தமாக வைத்துக்கொள்ள இன்னொருவர் கழுத்தளவு இறங்க வேண்டும் என்றால் அந்த வசதிக்குப் பெயர் விடுதலை இல்லை.

ஆகவே 2016 விதிகள் சொன்னபடி ஈரம், உலர், அபாயம் என்று மூன்றாகப் பிரித்தோம். ஈரக்கழிவு மாடியில் மண்பானைக்குள் உரமாகிறது. அதைக் கிளறும் வேலை என் கணவருக்கும் மகனுக்கும்.

உயரம்தான் அடுத்த சிக்கல். மேடை 32 அங்குலம், எல்லா வீட்டுக்கும் அதுதான் என்றார் கொத்தனார். சிங்க்கின் ஆழம் 9 அங்குலம் என்றால் கழுவுகிறவரின் கை 23 அங்குலத்தில் வேலை செய்யும். அதற்கு முதுகு வளைந்துதான் ஆக வேண்டும். பாத்திரம் கழுவ வரும் அக்காவும் நானும் நின்று முழங்கை உயரத்தை அளந்து, சிங்க் பகுதியை மட்டும் 4 அங்குலம் ஏற்றச் சொன்னோம். அக்கா நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஒசரம் சரியாத்தான் இருக்கு டீச்சரம்மா. ஒரு கால ஏத்தி வெச்சுக்க சின்ன முக்காலி வாங்கிப் போடுங்க. அப்படியே சம்பளத்தையும் பேசிருவோம், ரெண்டு வருசமாச்சு.” பேசினோம்.

இப்போது ஒவ்வொரு ஆண்டும் என் மாணவிகளிடம் மூன்று கேள்விகளைக் கொடுக்கிறேன். உங்கள் வீட்டு சிங்க்கின் உயரம் என்ன? அதன் முன் நிற்பவரின் முழங்கை உயரம் என்ன? அந்தக் குழாய் எங்கே போய் முடிகிறது? கடந்த முறை ஒரு மாணவி தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “எங்க வீட்டுல சிங்க் இல்ல மேடம். தெருக்குழாயடியில உக்காந்துதான் கழுவுறோம்.” அதன் பிறகு நான்காவதாக ஒரு கேள்வியைச் சேர்த்து, அதையே முதலில் வைத்திருக்கிறேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் சுமந்து வருகிறார்கள்?