ஒளிச்சிதறலும் உட்பொருள் ஆராய்ச்சியும்

பொருளொன்றின் அகத்தே இருப்பதை அறிய வேண்டின் அதனைப் பிளந்து பார்த்தல் வேண்டும் என்பது பொதுவான எண்ணம். அவ்வெண்ணத்தை மாற்றிய ஆராய்ச்சியின் வரலாறு, கடல் நீலமாயிருப்பது ஏன் என்னும் வினாவிலே தொடங்குகின்றது.

திருச்சிராப்பள்ளியில் 1888 ஆம் ஆண்டிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், 1921 இல் ஐரோப்பா சென்று கப்பலில் மீண்டபோது, கடலின் நீலம் வானத்தின் வெறுஞ் சாயலன்று, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறுவதாலும் உண்டாவதே எனத் தெளிந்தார். அவ்வழி தொடர்ந்து, கே. எஸ். கிருஷ்ணனுடன் கல்கத்தாவில் 1928 பெப்ரவரி 28 ஆந் திகதி புதியதோர் உண்மையைக் கண்டார். சிதறும் ஒளியின் மிகச் சிறு கூறு தன் அலைநீளம் மாறி வெளிப்படும். அம்மாற்றம் மூலக்கூற்றின் அதிர்வுக்கேற்ப வேறுபடும். எனவே அது பொருளை இன்னதெனக் காட்டும் கைரேகை போன்றதாம். அதே ஆண்டில் மொஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஸ்டாம் ஆகியோரும் பளிங்குகளில் இதனைத் தனித்துக் கண்டனர். நோபெல் பரிசு 1930 இல் இராமனுக்கே கிடைத்தது.

1960 இல் லேசர் தோன்றியபின் இம்முறை வலுப்பெற்றது. ஆயினும் வெண்ணிறப் பிளாத்திக்கு, தோல் முதலியவற்றினுள் ஒளி புகினும் பன்முறை சிதறித் திசைமாறும். உள்ளிருந்து வரும் மெல்லிய ஒளியை மேற்பரப்பின் வலிய ஒளி மறைத்துவிடும்.

இங்கிலாந்தின் ரதபோர்ட் அப்பிள்டன் ஆய்வுகூடத்திற் பணியாற்றிய பவெல் மட்டூசெக்கும் துணைவரும் அத்தடையையே வழியாக்கி, 2005 இல் தம் முறையை வெளியிட்டனர். லேசரை ஓரிடத்திற் பாய்ச்சி, சில மில்லிமீற்றர் விலகிய இடத்தில் ஒளியைச் சேர்த்தனர். அத்துணை தூரம் அலைந்துவந்த ஒளி ஆழத்தினும் அலைந்திருக்கும். ஆதலின் அதில் உட்படையின் பங்கு மிகும். ஈரிடத்து நிறமாலைகளையும் உரிய அளவிற் கழித்தால் உட்படை தனித்துத் தோன்றும்.

இம்முறையால் 2006 இல் தோலை வெட்டாமலே மனித எலும்பின் நிறமாலை பெறப்பட்டது. போத்தலைத் திறவாது திரவத்தைச் சோதிக்கும் விமானநிலையக் கருவி 2014 இல் மக்ரொபேர்ட் விருது பெற்றது. அவ்வாண்டிலேயே ஓவியங்களின் வண்ணப்படைகளை ஆராயவும் இதன் நுண்வடிவம் பயன்பட்டது. எனினும் உலோகத்தினூடாகவோ, ஒளியை முற்றாக உறிஞ்சும் கரும்பொருளினூடாகவோ இது செல்லாது.

சிதறல் என்பது ஒளியின் அழிவன்று; அது கொண்டுவரும் செய்தியை எங்கே நின்று கேட்பது என்பதே வினா. இராமன் நிறத்தின் மாற்றத்தை நோக்கினார். பின்வந்தோர் நோக்கும் இடத்தை மாற்றினர். இவ்விரண்டற்கும் இடையே கழிந்தவை எழுபத்தேழு ஆண்டுகள்.