ஓர் 'என்றால்' கழன்று விழுந்த கதை

காந்தத்தை உடைத்தால் இரண்டு காந்தம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சரி, உடைக்காமல் சீவிக்கொண்டே போனால்? ஒற்றைப் படை மிஞ்சும்போதும் அது காந்தம்தானா? இதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய விடை 2017இல்தான் வந்தது.

கதை ஹாம்பேர்க்கில் தொடங்குகிறது. ஏர்ண்ஸ்ட் ஈசிங் என்ற மாணவர், ஆசிரியர் லென்ஸ் கொடுத்த கணக்கைச் செய்து 1925இல் வெளியிட்டார். குட்டிக் காந்த ஊசிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் மேலே அல்லது கீழே மட்டும் பார்க்கும். பக்கத்து ஊசியோடு ஒத்துப்போக விரும்பும். ஒற்றை வரிசையில் கொஞ்ச வெப்பமே இந்த ஒழுங்கைக் குலைத்துவிடும் என்று கண்டார். அது சரி. முப்பரிமாணத்திலும் அப்படித்தான் என்று முடித்தது பிழை. தளத்திலேயே ஒழுங்கு நிலைக்கும் என்று 1936இல் பயர்ல்ஸ் காட்டினார். 1944இல் ஒன்சாகர் அந்தக் கணக்கைத் தீர்த்தே விட்டார்.

ஈசிங்குக்கு இதெல்லாம் தெரியாது. யூதர் என்பதால் 1933இல் ஆசிரியர் வேலை போனது. பிறகு லக்சம்பேர்க்குக்குத் தப்பிப் போனார். 1940 மே 10, அவருடைய 40ஆவது பிறந்தநாள். அன்றைக்கே ஜேர்மன் படை அங்கேயும் வந்தது. ஆடு மேய்த்தும் தண்டவாளம் கழற்றியும் போரைக் கடந்தார். தன் பெயரில் ஒரு 'மாதிரி' உலகம் முழுக்க ஓடித் திரிவது, 1947இல் அமெரிக்கா போன பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது. (எங்கட பாடப்புத்தகங்கள் இப்படியான ஆக்களைப் பற்றி ஒரு வரியாவது சொல்லலாம்.)

1966இல் மெர்மினும் வாக்னரும் ஒரு தேற்றம் நிறுவினார்கள்: ஊசிகள் எந்தத் திசைக்கும் சமமாகத் திரும்பலாம் என்றால், தளத்தில் காந்த ஒழுங்கு நிலைக்காது. அந்த 'என்றால்' பேச்சுவழக்கில் கழன்று விழுந்து, 'மெல்லிய காந்தம் ஏலாது' என்பது மட்டும் மிஞ்சியது. வேறு உலோகத்தின்மேல் படிய வைத்த படலங்கள் இருந்தன, உண்மை. படிகத்திலிருந்து உரித்தெடுத்த காந்தப் படை கையில் இருக்கவில்லை.

2017 ஜூனில் அது வந்தது. குரோமியம் மூவயடைட்டுப் படிகத்தை செலோடேப்பால் உரித்தார்கள். ஒற்றைப் படை 45 கெல்வின் வரை, அதாவது −228 பாகை செல்சியஸ் வரை, காந்தமாக நின்றது. அதன் ஸ்பின்கள் தளத்துக்குச் செங்குத்தாகவே நிற்க விரும்புபவை. அதே ஈசிங் ஊசிகள்!

எல்லா ஊசியும் ஒரே பக்கம் பார்த்தால் சலிப்பு. மேல் பார்க்கும் பரப்பும் கீழ் பார்க்கும் பரப்பும் சந்திக்கும் எல்லையில் ஸ்பின்கள் படிப்படியாகத் திரும்புகின்றன. சிலவேளை அந்த எல்லை வட்டமாக மூடி ஒரு சுழியாகும். அதுதான் ஸ்கேர்மியன், அணுக்கருத் துகள்களை விளக்க டோனி ஸ்கேர்ம் 1960களில் எழுதிய கணிதத்திலிருந்து வந்த பெயர். 2009இல் மங்கனீசு சிலிசைட்டில் கண்டார்கள். பிறகு இரும்பு, ஜேர்மானியம், தெலூரியம் சேர்ந்த படைப்படிகத்திலும் கண்டார்கள். முடிச்சு மாதிரி, லேசில் அவிழாது. சுழி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இலத்திரனின் ஏற்றத்தோடு ஸ்பினையும் பாவிக்க நினைக்கும் ஸ்பின்ட்ரோனிக்ஸ்காரருக்கு அதனால்தான் இதில் இவ்வளவு ஆசை.

ஆனால் குரோமியம் மூவயடைட்டு காற்றுப் பட்டாலே கெட்டுவிடும். இரும்புப் படிகத்தின் மெல்லிய படைகளை மின்னழுத்தம் கொடுத்து அறைவெப்பநிலையிலும் காந்தமாக வைத்திருக்கலாம் என்று 2018இல் சீனாவில் காட்டினார்கள். உங்கட போனுக்குள் அது வர இன்னும் காலம் இருக்கிறது.