மேட்லோவிச், லெனர்ட்
(1943 – 1988)

அமெரிக்க விமானப்படையின் டெக்னிக்கல் சார்ஜென்ட். தற்பாலீர்ப்பாளர் படையில் பணியாற்றத் தடை விதித்த விதியைத் தாமே முன்வந்து வழக்காக்கியவர். ஜார்ஜியா மாநிலத்தின் சவானாவில் பிறந்தவர், தந்தையும் விமானப்படையினரே.

வியட்நாமில் மூன்று முறை பணியாற்றினார். டா நாங்கில் கண்ணிவெடியில் படுகாயமடைந்தார். வெண்கல நட்சத்திரம், பர்ப்பிள் ஹார்ட் பதக்கங்களைப் பெற்றார். பின்னர் வீரர்களுக்கு இன நல்லிணக்க வகுப்பு எடுத்தார். பிறருடைய உரிமையைப் பற்றிப் பாடம் நடத்தியவர் தம் உரிமையைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது அங்கேதான் எனலாம்.

1975 மார்ச்சில் வர்ஜீனியாவின் லாங்லி தளத்தில், தாம் தற்பாலீர்ப்பாளர் என்று எழுதிய கடிதத்தை மேலதிகாரியிடம் நீட்டினார். அந்தக் கறுப்பின அதிகாரி இதற்கு என்ன பொருள் என்று கேட்க, பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பின் பெயரையே விடையாகச் சொன்னார். அவ்வாண்டு செப்டம்பரில் சீருடையுடன் 'டைம்' இதழின் அட்டையில் வந்தார். இனி தற்பாலீர்ப்பாளராக வாழ்வதில்லை என எழுதிக் கொடுத்தால் பணியில் நீடிக்கலாம் என்றது விமானப்படை, அவர் மறுத்தார். அக்டோபரில் பணிநீக்கம்.

அவர் தொடுத்த வழக்கில், 1980இல் அவரை மீண்டும் சேர்க்க நீதிமன்றம் ஆணையிட்டது. விமானப்படை பணம் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது: 1,60,000 டாலர். விதி அப்படியே நின்றது. தற்பாலீர்ப்பாளர் படையில் வெளிப்படையாகப் பணியாற்ற 2011இல்தான் வழி பிறந்தது. எய்ட்ஸ் நோயால் இறந்த அவரது கல்லறை வாஷிங்டனின் காங்கிரஷனல் கல்லறைத் தோட்டத்தில் உள்ளது. முகப்புக் கல்லில் பெயர் இல்லை. வியட்நாமில் போரிட்ட ஒரு தற்பாலீர்ப்பாளர் என்றே பொறிக்கச் செய்திருந்தார்.