இடித்த தெருவுக்கும் பெயர் உண்டு

மரபுப் பாதுகாப்பு என்றதும் நம் நாட்டில் கோபுரத்தையும் கோட்டையையும் காட்டுவார்கள். அவற்றுக்குக் கல் சுமந்தவர்கள் குடியிருந்த தெரு எங்கே என்று கேட்டால் பதில் வராது. கோபுரம் இல்லாத மக்கள் தங்கள் வரலாற்றை எதில் பாதுகாப்பது? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரில் இதற்கு ஒரு விடை இருக்கிறது.

1867-இல் அந்நகரின் ஆறாவது வட்டமாகப் பெயரிடப்பட்ட பகுதி டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ். விடுதலை பெற்ற அடிமைகள், கைவினைஞர்கள், கூலித் தொழிலாளர்கள், சிறு வணிகர்கள், வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள் எனப் பலரும் கலந்து வாழ்ந்த இடம். 1901-இலேயே அங்கிருந்த கறுப்பின ஆப்பிரிக்கர்களை வெளியேற்றினார்கள். 1966 பிப்ரவரி 11 அன்று நிறவெறி அரசு, குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் அதை வெள்ளையருக்கு மட்டுமான பகுதியாக அறிவித்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் நகருக்கு வெளியே, கேப் ஃபிளாட்ஸ் மணல்வெளிக்கு விரட்டப்பட்டார்கள்.

அரசு சொன்ன காரணம் என்ன? அது 'ஸ்லம்', குற்றம் பெருகும் இடம் என்பதுதான். அந்தச் சொல்லைக் கூசாமல் 'சேரி' என்று மொழிபெயர்க்கும் நாட்டில் வாழும் நமக்கு இந்த வசனம் புதிதல்ல.

வீடுகள் தரைமட்டமாயின. வழிபாட்டு இடங்கள் மட்டும் நின்றன. வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களோடு நின்றவர்களும் சேர்ந்து 1989-இல் ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். 1994 டிசம்பரில், ஒரு பழைய மெதடிஸ்ட் தேவாலயத்தில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்கே தரை முழுவதும் பழைய தெருக்களின் வரைபடம். முன்னாள் குடியிருப்பாளர்கள் தங்கள் வீடு இருந்த இடத்தைத் தேடி, அதன்மேல் குடும்பப் பெயரை எழுதினார்கள். இடிப்பு வேலையில் இருந்த ஒருவர், தூக்கி எறியாமல் ஒளித்து வைத்திருந்த தெருப் பெயர்ப்பலகைகளைக் கொண்டுவந்து கொடுத்தார். நீளத் துணியில் மக்கள் தம் நினைவுகளை எழுத, அதன்மேல் நூலால் தைத்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களே வருவோருக்கு வழிகாட்டிகள்.

இது வெறும் ஏக்கமல்ல. யார் எங்கே வாழ்ந்தார்கள் என்ற நினைவு, நிலத்தைத் திரும்பக் கேட்கும் போராட்டத்துக்கு வலுவானது. 2004 பிப்ரவரி 11 அன்று, அதே தேதியில், முதலில் திரும்பிய இரண்டு முதியவர்களுக்கு நெல்சன் மண்டேலா வீட்டுச் சாவியைக் கொடுத்தார். பலரின் காத்திருப்பு அதோடு முடியவில்லை என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'இங்கே யாரும் இருந்ததில்லை' என்று இனி எவரும் சொல்ல முடியாது.

சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட நம் மக்களின் தெருக்களை யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? அரசு செய்யட்டும் என்று காத்திருந்தால் தெரிந்தவர்கள் போய்விடுவார்கள். ஆயாவிடம் கேட்போம். எந்தக் குழாயடி, எந்த மன்றம், எந்தச் சுவரில் அம்பேத்கர் படம்? ஒரு தாளில் வரைவோம், பெயர்களை எழுதுவோம். நம் மரபுச் சின்னம் அதுதான்.

ஜெய்பீம்.