சுண்ணாம்பை எடுக்கச் சுண்ணாம்பு

சிவகாசியில் அண்ணன் வீட்டு ஷவரைத் திறந்தால் தண்ணீர் தலையில் விழாது. சுவரில் ஒரு கோடு, கதவில் ஒரு கோடு, பாக்கி சோப்பு டப்பாவில். நாற்பது ஓட்டையில் ஏழோ எட்டோதான் திறந்திருக்கும். மற்றதையெல்லாம் உப்புக்கறை அடைத்துக்கொண்டிருக்கும்.

மதினி ஒருநாள் இதற்கு முடிவுகட்டக் கிளம்பினார். பாத்ரூம் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தார். போதவில்லை என்று பிளீச்சிங் பவுடரையும் மேலே தூவினார். கதவு வேறு சாத்தியிருந்தது. இருமல் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து வெளியே இழுத்ததால் தப்பித்தார். ரெண்டு நாள் ஆஸ்பத்திரி. கிளம்பியது குளோரின் வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஜெர்மானியர்கள் திறந்துவிட்டார்களே, அதே சரக்கு.

அண்ணன் பட்டாசுக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். அவருக்குக் கோபம் தாங்கவில்லை. "குளோரேட்டையும் கந்தகத்தையும் சேக்கக் கூடாதுன்னு 1992-லயே கவர்மென்ட் தடை போட்டாச்சு. எதோட எதைச் சேக்கக் கூடாதுன்னு இந்த ஊர்ல சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும். பாத்ரூமுக்குள்ள போனா மறந்துருமாக்கும்?"

மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மருந்துன்னா பயப்படுவோம் தம்பி. இது வீடு கழுவுற சாமான்தானேன்னு நெனச்சுட்டேன்."

நான் பி.காம். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்தோடு உறவு முடிந்தது. ஆனாலும் இந்த வெள்ளைக் கறையின் பூர்வீகத்தைத் தேடிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விருதுநகர் மாவட்டத்தில் பல இடங்களில் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல். பந்தல்குடிப் பக்கம் சுரங்கமே உண்டு. ஆர்.ஆர். நகரில் ராம்கோவும், ஆலங்குளத்தில் அரசும் சிமென்ட் ஆலை கட்டியது சும்மாவா? மேலே வானம் பார்த்த பூமி. காற்று வறண்டிருந்ததால்தான் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் 1920-களில் இங்கே வேர்பிடித்தது. தீக்குச்சியைக் காயவைத்த அதே வெயில்தான் போர்வெல்லை மேலும் மேலும் ஆழத்துக்கு அனுப்பியது.

மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாது. மண்ணுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. மறுபடி வெளியே வந்து சூடானாலோ, காற்றுப் பட்டு உலர்ந்தாலோ வாயு பறந்துவிடும். சுண்ணாம்பு மட்டும் ஹீட்டரிலும் ஷவரிலும் ஒட்டிக்கொள்ளும். இந்தச் சூட்சுமத்தைப் பிடித்தவர் ஹென்றி கேவண்டிஷ். லண்டன் ராத்போன் பிளேஸ் பம்புத் தண்ணீரை ஆராய்ந்து 1767-ல் எழுதினார். வீட்டு வேலைக்காரப் பெண்களிடம் நேரில் பேசக் கூச்சப்பட்டு, வேண்டியதைச் சீட்டில் எழுதிவைத்த மனுஷர்!

அடுத்து வந்தவர்தான் எனக்குப் பிடித்த ஆள். அபர்தீன் பேராசிரியர் தாமஸ் கிளார்க். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் போடு என்றார் அவர். கேட்டால் பைத்தியக்காரத்தனம். ஆனால் போட்ட சுண்ணாம்பு அந்தக் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடிமானம் போன பழைய சுண்ணாம்பும் புதுசும் சேர்ந்து அடியில் படிந்துவிடும். 1841-ல் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் பெரிய நீரேற்று நிலையங்களில் தண்ணீரை மென்மையாக்க இந்த முறை உண்டு. அளவு முக்கியம் என்பதால் வீட்டுத் தொட்டியில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

நம் ஆட்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். ஊருணி. மழை தேங்கிய தண்ணீர். அதில்தான் பருப்பு வேகும், சோப்பு நுரைக்கும். உப்புத் தண்ணீர்க் கிணறு மாட்டுக்கும் கழுவுவதற்கும். கலங்கல் தெளியத் தேத்தாங்கொட்டையை உரசினார்கள். கலித்தொகைக் காலத்திலேயே தெரிந்த வித்தை இது. ஆனால் அது கலங்கலைத்தான் தெளியவைக்கும், சுண்ணாம்பை எடுக்காது. கிணற்றுக்குள் நெல்லிக்கட்டை போட்டதும் உண்டு. நெல்லியில் துவர்ப்பு அதிகம். வெள்ளைக்காரர்களும் நீராவிக் கொதிகலனுக்குள் துவர்ப்புச் சரக்கு போட்டார்கள். சிலர் உருளைக்கிழங்கையே போட்டார்கள். சுண்ணாம்பு கல்லாக இறுகாமல் சேறாக இறங்கிவிடுமாம்.

இன்றைக்குச் சிவகாசிக்கு மானூர் திட்டத்தில் தாமிரபரணித் தண்ணீர் வருகிறது. அது குடிக்கத்தான் காணும். குளிக்க, துவைக்கப் பல வீடுகளில் போர்வெல்தான். கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை என்கிறது இந்தியத் தர அளவு. 2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பாதிப் பேர் பெயருக்கு ஒரு குழாய் வைத்துப் படம் காட்டினோம். அந்தக் குழாயை உருப்படியாக ஒரு தொட்டிக்குத் திருப்பியிருந்தால் ஷவருக்கு அதைவிட நல்ல வைத்தியம் இல்லை.

ஏற்கெனவே பிடித்த கறைக்கு? புளி போட்டால் போகும் என்பார்கள். பித்தளைக்குச் சரி, இதற்குச் சுமார்தான். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தால் எளிதில் கரையாத இன்னொரு உப்பாகிவிடும். வினிகர் உத்தமம். அதில் உண்டாகும் உப்பு தண்ணீரோடு போய்விடும். எலுமிச்சையும் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் கொதிக்கவிடக் கூடாது. ஷவர் தலையைக் கழற்றி அரைமணி, ஒருமணி ஊறப்போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ராத்திரி பூராவும் போட்டால் பளபளப்பு போய்விடும். பளிங்குத் தரையில் சிந்தவே கூடாது, பளிங்கும் சுண்ணாம்பு வம்சம்தான். ஹீட்டரை 50, 55 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் இருந்தால் உள்ளே படிவது குறையும். குளித்து முடித்ததும் ஷவரை ஒரு துணியால் துடைத்துவிட்டால் புதிதாகப் பிடிப்பதும் குறையும்.

போன மாதம் போயிருந்தேன். மதினி ஜூஸ் பிழிந்த எலுமிச்சை மூடிகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். "பழம் விக்கிற வெலைக்கு முழுசாவா போட முடியும் தம்பி?" என்றார். ஷவரைத் திறந்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொரு ஓட்டை.