வெள்ளி மாலை 6 மணி மேட்ச்: ரக்பி லீக் ரசிகர்களுக்கு ஏன் சிக்கல்?

ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல். ரக்பி லீக்கில் 2023-ல் டால்பின்ஸ் சேர்ந்ததும் அணிகள் 17 ஆகின. ஒவ்வொரு அணிக்கும் 24 ஆட்டங்கள்.

உறுப்பினர் ஆனால் என்ன கிடைக்கும்?
சீசன் டிக்கெட்டுடன் உறுப்பினர் ஆனால், சொந்த மைதான ஆட்டங்களைப் பார்க்கலாம். ஆனால் ஆட்ட நேரத்தை கிளப் முடிவு செய்வதில்லை.

யார் முடிவு செய்வது?
லீக் நிர்வாகம்தான். ஆட்டங்கள் ஒன்றோடொன்று மோதாமல் டிவியில் வர, வியாழன் முதல் ஞாயிறு வரை பிரித்துப் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை 6 மணிக்கு ஒன்று, 8 மணிக்கு இன்னொன்று.

பாதிப்பு யாருக்கு?
வேலை முடிச்சு, சிட்னி டிராஃபிக்கைத் தாண்டி, பிள்ளைகளோடு 6 மணிக்குள் மைதானம் போறது கஷ்டம். இருக்கைகள் காலியாகும்.

கிளப்கள் எதிர்க்காதா?
ஒளிபரப்புப் பணத்தில் லீக் தரும் பங்கை நம்பித்தான் கிளப்கள் ஓடுகின்றன. காசு கட்டியும் பார்க்க முடியாத ரசிகர், அடுத்த ஆண்டு புதுப்பிக்க யோசிப்பார்.